பழங்கற்படி

வேப்பூரிலிருந்து விருத்தாசலத்திற்குச் செல்வோர், பீங்கானுக்குப் பெயர்பெற்ற அந்நகரில் தம் காரியம் முடிந்ததும் உடனே திரும்பிவிடாமல், பழமலைநாதர் ஆலயத்தின் கருங்கற் சுவர்களையும் சற்று நிதானமாகப் பார்த்து வருதல் நலம். ஏனெனில், 10-ஆம் நூற்றாண்டில் கற்றளித் திருப்பணியை, அதாவது கற்கோயில் எழுப்பும் பணியை, ஒரு தவமாகவே மேற்கொண்ட சோழ அரசி செம்பியன் மாதேவியார் எடுப்பித்த ஆலயங்களுள் அதுவும் ஒன்று.

பழைய செயலியில் பல்லாண்டுகளாகச் சேர்த்த குறிப்புகளைப் புதிய செயலிக்கு மாற்றும் வேளையில், காப்புப் பிரதி திறவாமல் இன்று நாம் கலங்குகிறோமே, அக்கலக்கம் அக்காலத்துத் திருப்பணியாளருக்கும் உரியதாகவே இருந்தது. பழைய தளியைப் பிரித்தாலன்றிப் புதியது எழாது. ஊரின் ஆவணங்களோ அப்பழைய கற்களின்மீதே இருந்தன. சான்றாக, கோயிலில் அணையாது எரியும் நந்தா விளக்கொன்றுக்கு 96 ஆடுகள் கொடுப்பது சோழநாட்டு வழக்கு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், மந்தை குன்றாமல் பேணி நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். ‘சாவா மூவாப் பேராடு’ என்று சாசனங்கள் கூறுவது இம்மந்தையைத்தான். எழுத்து அழிந்தால், கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்று கேட்பாரின்றி, இரண்டொரு தலைமுறையில் விளக்கும் அணைந்துபோகும்.

கும்பகோணத்தை அடுத்த திருக்கோடிக்காவலில், பல்லவர் காலத்துச் சாசனங்களைப் பழைய கற்களினின்றும் பார்த்தெழுதி, மாதேவியார் எழுப்பிய சுவரிலே பொறித்தனர். பொறித்ததோடு நில்லாமல், இது ‘பழங்கற்படி’, அதாவது பழங்கல்லின் நகல், என்று அங்கேயே குறித்தும் வைத்தனர். அந்நேர்மையை நான் பெரிதும் போற்றுகிறேன். எழுத்தின் வடிவங்கொண்டு காலத்தைக் கணிக்கும் ஆராய்ச்சியாளர், பல்லவ மன்னன் பெயரைச் சோழர்கால எழுத்திலே கண்டு மயங்காதபடி காப்பது அச்சிறு சொல்லேயன்றோ!

கொள்ளிடக் கரைத் திருமழபாடியில் காரியம் இன்னும் கடினமானது. முதலாம் இராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் அங்குள்ள ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டபோது, கற்களைப் பெயர்ப்பதற்கு முன்னரே அவற்றிலிருந்த சாசனங்கள் புத்தகமொன்றில் படியெடுக்கப்பட்டன. அவன் மறைந்து, அவன் மைந்தன் இராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1026-ஐ ஒட்டி, அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அக்காலத்தில் புத்தகம் என்பது ஓலைச்சுவடியே. ஆகவே பத்தாண்டுக்கு மேலாக, ஒரு தலத்தின் நிலமும் நெய்யும் பொன்னும் பற்றிய உரிமைகள் செல்லுக்கும் நெருப்புக்கும் மழைக்கும் இரையாகத்தக்க ஓலைகளிலே உயிர்தரித்திருந்தன. படியெடுத்த அளவில் கடமை தீர்ந்ததென்று அச்சுவடியைப் பெட்டியிலிட்டு மறந்துவிடாமல், ஆட்சி மாறிய பின்னும் அதைத் தேடியெடுத்துச் சுவரேற்றினார்களே, அந்தச் சிரத்தையை நினைக்குந்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது.

1895-இல் கல்வெட்டுத் துறையினர் திருமழபாடிக்கு வந்து, ஈரத்தாளைச் சுவரில் ஒற்றி மைப்படி எடுத்தனர். கல்லினின்று ஓலைக்கும், ஓலையினின்று கல்லுக்கும் சென்றிருந்த வாசகங்கள் அவ்வாறு காகிதத்திற்கு வந்து சேர்ந்தன.