சக்கரத்துடன் நீரில் இறங்கும் விபத்து

சக்கரத்துடன் நீரில் இறங்குதல் என்பது நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல மிதவை வானூர்திகளுக்கு, பெரும்பாலும் விமானியின் கவனக்குறைவால் நேரும் விபத்து ஆகும். அலாஸ்கா, கனடா போன்ற இடங்களில் சாலைகள் இல்லாத ஊர்களுக்கும் ஏரிகளுக்கும் இவ்வகைச் சிறிய வானூர்திகள் பயன்படுகின்றன.

ஓடுபாதையிலிருந்து புறப்பட்டபின், மிதவைகளில் உள்ள சக்கரங்களை உள்ளிழுக்க மறந்து ஏரியில் இறங்கினால், அவை நீரில் பெரும் தடையை உண்டாக்குகின்றன. இதனால் மூக்குப்பகுதி நீரில் அமிழ்ந்து, வானூர்தி சில நொடிகளில் தலைகீழாகக் கவிழக்கூடும். மோதலில் உயிர் தப்பியவர்களும் கதவைக் கண்டறிய இயலாமல் மூழ்கும் அபாயம் உண்டு. மாறாக, சக்கரங்களை இறக்காமல் ஓடுபாதையில் இறங்கினால், பெரும்பாலும் மிதவைகளின் அடிப்பகுதி மட்டுமே சேதமடைகிறது.

இதனைத் தவிர்க்க, இறங்குமிடம் நீரா நிலமா என்பதை வாய்விட்டுக் கூறிச் சக்கரங்களின் நிலையைச் சரிபார்க்குமாறு விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. குரல்வழி எச்சரிக்கும் கருவிகளும் உள்ளன.