கேட்வுட் அம்மையாரின் துணிப்பை

மூட்டை கட்டுதல் எளிய செயல் என்று எண்ணுவோர் பலர். காலையில் வண்டியேறி மாலையில் இறங்குவோர்க்கு அஃது எளிதே. மாதக்கணக்கில் மலைமேல் நடப்போர்க்கோ, வீண் ஆசையால் சேர்த்த ஒரு ராத்தல், ஒவ்வோர் அடியிலும் தூக்கப்பட வேண்டிய ராத்தலாகும். அலட்சியத்தால் விட்டுவந்த ஒரு கம்பளி, குளிரிரவில் உயிரையே விலையாகக் கேட்கும். ஆதலின், எதை எடுப்பது, எதை விடுப்பது என்னும் கேள்வி அற்பமானதன்று. அதற்கு ஒரு மூதாட்டி தம் நடையால் அளித்த விடையை இங்கு ஆராய்வோம்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. அம்மலைகளின்மேல் ஒரு நடைபாதை வேண்டுமென்று 1921-ஆம் ஆண்டில் பென்டன் மக்காய் என்பார் எழுதினார். தொண்டர் பலர் உழைத்து 1937-இல் அதனை முடித்தனர். தெற்கே ஜார்ஜியா முதல் வடக்கே மெயின் வரை 14 மாநிலங்களைக் கடக்கும் அப்பாதையின் நீளம் 2,000 மைலுக்கு மேலாகும். இரண்டாம் உலக யுத்தத்தில் பணியாற்றித் திரும்பிய ஏர்ல் ஷேபர் என்னும் இளைஞர் 1948-இல் அதனை ஒரே பயணத்தில் நடந்து முடித்துப் புகழ் பெற்றார். யுத்தம் முடிந்தபின் விலைக்கு வந்த இராணுவப் பைகளும் கூடாரங்களும் கனத்த பூட்ஸுகளுமே அக்காலத்து நடையர் பலர்க்குத் துணையாயிருந்தன.

எம்மா கேட்வுட் அம்மையார் 1887-ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். பண்ணை வேலையில் உழன்றவர். 11 மக்களைப் பெற்று வளர்த்தவர். கணவரோ கொடியவர். அவர் கையால் அம்மையார் பட்ட அடிகள் கணக்கில. அடி பொறுக்க முடியாத நாட்களில் அவர் காட்டுக்குள் சென்று அமைதி தேடுவார். 1941-இல் மணவிலக்குப் பெற்றார். பின்னர், 1949-ஆம் ஆண்டுப் பத்திரிகை ஒன்றில் அம்மலைப் பாதையின் படங்களைக் கண்டு, அதனை நடந்தே தீருவது என்று உறுதி கொண்டார். 1954-இல் செய்த முதல் முயற்சி தோற்றது. வழி தவறியது, மூக்குக் கண்ணாடி உடைந்தது, வனக் காவலர் அவரை வீட்டுக்குப் போகச் சொல்லினர். மறு ஆண்டு, 67-ஆம் வயதில், ‘நடந்து வரப் போகிறேன்’ என்னுமளவில் மக்களிடம் கூறிப் புறப்பட்டார். 1955 மே மாதம் 3-ஆம் நாள் ஜார்ஜியாவில் தொடங்கியவர், 146 நாட்கள் நடந்து, செப்டம்பர் 25-ஆம் நாள் மெயின் மாநிலத்துக் கட்டாடின் சிகரத்தை அடைந்தார். அப்பாதை முழுவதையும் ஒரே பருவத்தில் தனியே நடந்த முதற் பெண்மணி அவரே.

அவர் கொண்டு சென்றவை யாவை? டெனிம் துணியால் தாமே தைத்த ஒரு பை. அதை ஒரு தோளில் மாட்டிக்கொள்வார். இராணுவக் கம்பளி ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்று. காலுக்குக் கான்வாஸ் சப்பாத்து. அப்பயணத்திலேயே பல ஜோடிகள் தேய்ந்தன. காயத்துக்கு அயோடின், கைக்கு ஒரு பேனாக்கத்தி, பசிக்கு உலர்ந்த திராட்சையும் கடலையும் டப்பாவில் அடைத்த சிறு இறைச்சித் துண்டுகளும். கூடாரம் இல்லை, உறங்கு பை இல்லை. மூட்டை பெரும்பாலும் 20 ராத்தலுக்கு மிகாது. பிளாஸ்டிக் திரையை விரித்தால் ஈரம் தடுக்கும்; மேலே கட்டினால் மழை தடுக்கும். குளிர் மிகுந்த இரவில் தட்டைக் கற்களை நெருப்பில் சுடவைத்து அவற்றின்மேல் படுப்பார். கற்களைச் சுமக்கவேண்டியதில்லை, மலையே தரும். ஒரு பொருளை இரு வேலைக்கு ஆக்குவதும், வழியில் கிடைப்பதைத் தோளில் ஏற்றாமையும் கடைக்காரர் கற்பித்த பாடங்கள் அல்ல. ஏழைக் குடும்பத்தை நடத்திய பெண்ணின் கைப்பழக்கம்.

இனி அப்பையின் மறுபுறத்தையும் காண்போம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் கோனி, டயான் என்னும் இரு புயல்கள் கிழக்கு மாநிலங்களை வெள்ளக்காடாக்கின. அம்மையார் நனைந்தார், நடுங்கினார். பெருகியோடிய ஆறு ஒன்றை, இரு இளைஞர் கயிற்றால் தம்மோடு பிணைத்து அழைத்துச் செல்லவே கடந்தார். பல இரவுகளில் முன்பின் அறியாத குடும்பத்தார் கதவைத் திறந்து, சோறிட்டுப் படுக்கையும் தந்தனர். சிலர் விரட்டியும் விட்டனர். அவர் விட்டுவந்த கூடாரத்தின் பளுவை, உண்மையில், வழியோரத்து வீடுகள் சுமந்தன. இதை அம்மையாரும் நன்கு அறிந்திருந்தார் போலும்! ஒவ்வொரு ராத்தலையும் எண்ணிய அப்பைக்குள், கட்டம் போட்ட நல்லாடை ஒன்றும் மடித்து வைத்திருந்தார். நாகரிகமான வீட்டார் அழைத்தால் உதறி உடுத்துக்கொள்ளுதற்கே அது.

நேயர்களே, இன்னும் ஒன்று சிந்திக்கற்பாலது. அக்காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிறவேற்றுமைச் சட்டங்கள் நடப்பிலிருந்தன. அம்மையார் நடந்துகொண்டிருந்த அதே ஆகஸ்டு மாதத்தில், மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் வெள்ளையரால் கொலையுண்டான். கறுப்பினத்து மூதாட்டி ஒருத்தி அதே துணிப்பையுடன் அதே கதவுகளைத் தட்டியிருந்தால், எத்தனை கதவுகள் திறந்திருக்கும்? அவள் கூடாரத்தையும் சுமந்தாக வேண்டும். இருமடங்கு உணவையும் சுமந்தாக வேண்டும்.

அம்மையார் 1957-இல் மீண்டும் அப்பாதையை முழுதும் நடந்தார். மூன்றாம் முறை பகுதி பகுதியாய் 1964-இல் முடித்தார். இடையே 1959-இல், 71 வயதில், மிசௌரி மாநிலத்திலிருந்து ஒரிகன் வரை சுமார் 2,000 மைல் நடந்தார். 1973-இல் மறைந்தார். 1990-களில் ரே ஜார்டின் முதலியோர் குறைந்த சுமையோடு நடக்கும் முறையை நூலெழுதிப் பரப்பினர். அம்முறையைக் கைக்கொண்டோர் பலர் கேட்வுட் அம்மையாரைத் தம் முன்னோடியாகப் போற்றுகின்றனர்.

அவரைப் பின்பற்றிக் குளியலறைத் திரையோடு மலையேறுமாறு நாம் எவரையும் தூண்டவில்லை. நல்ல மழைக்கோட்டும், உலர்ந்த கம்பளியும், காலுக்கேற்ற சப்பாத்தும், வழிகாட்டும் வரைபடமும் அவசியமே. ஆயினும், வீட்டில் பையைக் கட்டும்போது இரு வினாக்களைக் கேட்டுக்கொள்வது நலம். இப்பொருள் எத்தனை வேலை செய்யும்? இதை நாம் விட்டுச் சென்றால், நமக்காக அதைச் சுமக்கப் போகிறவர் யார்? முதல் வினாவுக்கு விடை நம் கையில் உள்ளது. இரண்டாவதற்கு விடை, வழிப்போக்கர் எவராயினும் கதவைத் திறக்கும் ஊர்களை நாம் அமைத்திருக்கிறோமா என்பதைப் பொறுத்தது.