வழிபாட்டில் வெட்கமும் விடுதலையும்

வெற்றி பெற்றவன் நன்றிக் காணிக்கையோடு இறைவன் சந்நிதிக்குச் செல்வது எளிது. தோல்வியையும் வெட்கத்தையும் சுமந்து செல்வதே அரிது. கத்தோலிக்கத் திருப்பலியும், தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையும் தம் முற்பகுதியிலேயே பாவ அறிக்கைக்கு இடம் தந்துள்ளன. இவ்வழக்கம் நம் மக்களுக்கு என்ன பொருள் தந்தது என்பதை வரலாற்று நோக்கில் காண்போம்.

செஞ்சிக்கு 1597ஆம் ஆண்டிலேயே இயேசு சபைக் குரு பிமெண்டா வந்து, கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்தார். ஆயினும், அன்று அரண்மனையைக் கண்ட கிறிஸ்தவம் இவ்வட்டாரச் சேரிகளில் பெருமளவில் வேரூன்றியது 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சக் காலத்தில்தான். செஞ்சிக்கு வடக்கேயுள்ள சேத்துப்பட்டில் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த டாரஸ் அடிகளார் ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்கு அளித்தார். அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்களே. இவ்வாறு வந்தோரை, சோற்றுக்கு மதம் மாறியவர்கள் என்று பலர் இகழ்ந்தனர். பசித்திருந்ததும் ஒரு குற்றமாயிற்று!

கோயிலுக்குள்ளும் இழிவு விலகவில்லை. பஞ்சத்திற்கு முன்னரே, 1833இல், கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டுமெனக் கட்டளையிட்டார். தஞ்சாவூரில் மேல்சாதிக் கிறிஸ்தவர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். பாவி என்று தன்னை அறிக்கையிட்ட நாவு, அடுத்திருப்பவனோடு ஒரே கிண்ணத்தில் பருகக் கூசியது.

ஈண்டு ஓர் உண்மையைத் தெளிய வேண்டும். தன் செயலால் வரும் வெட்கம் வேறு. பிறர் சுமத்திய வெட்கம் வேறு. கூலியைக் குடித்தழித்து மனைவி மக்களைப் பட்டினி போட்டவன் அதனை அறிக்கையிட்டுத் திருந்தத்தான் வேண்டும். சேரியில் பிறந்தவன் அதற்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதினால், வாரமெல்லாம் ஊரில் தலைகுனிந்தவன் ஞாயிறன்று கோயிலிலும் தலைகுனிந்தே திரும்புவான்.

இந்தத் தெளிவு படிப்படியாகவே வந்தது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1950இல் அது வகுத்த திருவிருந்து முறையில், கையோடு கை சேர்த்துச் சமாதானம் பரிமாறும் வழக்கம் சிரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. தொட்டால் தீட்டு என்ற நாட்டில் இது சிறு செயலன்று.

1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரையால் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு வித்திட்டார். உபாகமம் 26ஆம் அதிகாரத்தை அவர் பின்னர் எடுத்துக்காட்டினார். முதற்கனியைப் படைக்கும் இஸ்ரவேலன், தன் முன்னோர் அடிமைப்பட்டதையும் ஒடுக்கப்பட்டதையும் இறைவன்முன் வாய்விட்டுச் சொல்கிறான். அங்கே இழிவு மறைக்கப்படவில்லை, விடுதலைக்குச் சாட்சியாகிறது.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) ‘பரட்டை’ என்னும் பெயரால் அறியப்பட்டவர். அவர் நாட்டுப்புற மெட்டுகளையும் மக்கள் பேச்சுத் தமிழையும் வழிபாட்டிற்குள் கொணர்ந்தார். சாவுக்கொட்டு என்று ஒதுக்கப்பட்ட பறை, துதியின் கருவியாயிற்று. எதைக் காட்டி நம்மை இழிவுபடுத்தினார்களோ, அதுவே இறைவன்முன் முழங்கியது.

அறிக்கையிட வேண்டியவர் வேறு சிலரும் உண்டு. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. இது காலந்தாழ்ந்த அறிக்கையேயாயினும், வெட்கம் உரியவரிடமே திரும்பிச் சென்றது என்பதால் வரவேற்கத்தக்கது. ஒப்புக்கொண்டது செயலில் விளங்கும்போதுதான் அவ்வறிக்கை நிறைவெய்தும்.

இளைஞர்களே! எச்சமயத்தவராயினும் இவ்வரலாறு உங்களுக்கும் உரியது. தேர்வில் தவறினால் மறைக்காதீர்கள். ஆசிரியரிடம் சொல்லி மீண்டும் முயலுங்கள். திருத்தக் கூடிய தோல்வி அது. உங்கள் பிறப்பையோ, பெற்றோர் தொழிலையோ, தெருவின் பெயரையோ ஒருவர் கேட்டால் குரல் தாழ்த்தாமல் சொல்லுங்கள். அதில் திருத்த வேண்டியது உங்களிடம் ஒன்றுமில்லை.