சோழமண்டலமும் நம் வீட்டுப் பெண்ணின் இணையக் கடையும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பலரும் கடந்து போயிருப்பீர்கள். அந்த நிலம் எந்தப் பணத்தில் வாங்கப்பட்டது தெரியுமா? பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற காசில்!

கதை சென்னை ஓவியப் பள்ளியில் தொடங்குகிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தார். அவருக்குப் பின், 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

பணிக்கருக்கு ஒரு கவலை. நன்றாகப் படித்து வெளியே வரும் பிள்ளைகள் பிழைப்புக்காக ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து தூரிகையை மறந்துவிடுகிறார்கள். படம் வாங்குவோரும் அன்று மிகக் குறைவு. "படம் விற்காவிட்டால் என்ன, கை இருக்கிறதே!" என்ற எண்ணத்தில், 1960-களில் ஓவியர்கள் ஒரு கைவினைச் சங்கமாகச் சேர்ந்தார்கள்.

பாத்திக் எளிய வேலை அல்ல. உருக்கிய மெழுகால் துணியில் வரைய வேண்டும். சாயத்தில் முக்கினால் மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசியில் மெழுகை நீக்கினால் படம் தெரியும். மெழுகில் விழும் விரிசலுக்குள் சாயம் நுழைந்து மெல்லிய கோடுகளாகப் படியும். அந்தக் கோடுகள் ஒரு துணியில் இருப்பதுபோல் இன்னொன்றில் இருக்காது. கைவேலையின் கையெழுத்து அது.

இப்படிச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, 1966-ல் கிராமத்தைத் தொடங்கினார்கள். பனையும் மணலுமாக இருந்த இடத்தில் வீடு கட்டிக் குடியேறினார்கள். வாசுதேவ், சுல்தான் அலி, நந்தகோபால் போன்றவர்கள் அங்கே வளர்ந்த பெயர்கள். பகலில் ஒரு பகுதி கைவினைக்கு, மீதி சொந்தக் கலைக்கு. பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற புகழ்பெற்ற ஓவிய வரிசையைத் தீட்டியதும் அந்தக் காலத்தில்தான். அவர் 1977-ல் மறைந்தார். கிராமம் இன்றும் நிற்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என் அண்ணன் மகள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, தான் வரையும் படங்களை விற்க இணையத்தில் கடை திறக்கப் போகிறாள். கையிருப்பு ஆறு மாதச் செலவுக்குத்தான் வரும். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு படத்தையும் போட்டோ எடுக்கிறாள், அளவு எழுதுகிறாள், மூலை மடங்காமல் அட்டை வைத்துக் கட்டிப் பார்க்கிறாள். விலை எழுதும் இடத்தில் மட்டும் கை நின்றுவிடுகிறது.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். அம்மா, ஒரு நோட்டு போடு. தாள், வர்ணம், சட்டம், கூரியர் எல்லாம் எழுது. உட்கார்ந்து வரைந்த மணி நேரத்தையும் எழுது. அதற்குக் கூலி போடாமல் விலை வைக்காதே. வீட்டுச் செலவுக்குச் சின்னதாக நான்கு வேலை செய். வாழ்த்து அட்டை செய், பை செய், அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் உனக்கென்று வரையும் படத்துக்கு ஒரு நேரம் ஒதுக்கு. சோழமண்டலத்துக்காரர்கள் காட்டிய வழி அதுதான். அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். நீயும் உன் போன்ற நாலு பேரைச் சேர்த்துக்கொள்.

உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. "நம்ம பொண்ணுதானே, ஒண்ணு சும்மா குடேன்" என்று கேட்காதீர்கள். கல்யாணத்துக்கு மொய் எழுதும்போது கணக்குப் பார்க்காத நாம், அவள் உழைப்புக்கு மட்டும் ஏன் பேரம் பேச வேண்டும்? பிடித்திருந்தால் சொன்ன விலைக்கு வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் நாலு பேரிடம் சொல்லுங்கள், அதுவே பெரிய உதவி.

மாணவச் செல்வங்களே, உங்களில் யாராவது கைவேலை செய்து விற்கிறீர்களா? கீழே எழுதுங்கள். ஆசிரியர் என்ற உரிமையோடு கேட்கிறேன்.

வாழ்க வளமுடன்.