கழுத்து அட்டையும் கையில் இருக்கவேண்டிய பாஸ்புக்கும்

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும். வேலையை விட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துடணும். ஏன்னா அது கம்பெனியோடது; உள்ளே வந்தது யார் என்று கேட்டில் இருப்பவருக்குச் சொல்ல மட்டும்தான்.

1979-இல் வந்த மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வேறொன்றை யோசித்தது. 2025 வரை, வெளிமாநிலத்திலிருந்து ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டிவந்த ஒப்பந்ததாரர், ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புக் தரவேண்டியிருந்தது. எங்கே வேலை, எவ்வளவு காலம், கூலி எவ்வளவு, ஊர் திரும்பும் செலவு, பிடித்தம் எல்லாம் அதில் எழுதவேண்டியிருந்தது. இந்தி, ஆங்கிலம் போக, அவர் மொழி வேறென்றால் அதிலும். வங்காளிக்கு வங்காளத்தில்! எனக்கு இதில் பெரிதாகப் படுவது இன்னொன்று: அந்தப் புத்தகம் தொழிலாளியிடமே இருக்கவேண்டியிருந்தது, மேஸ்திரியின் பெட்டியில் அல்ல.

2015 ஜனவரி 31. அன்றைய வேலூர் மாவட்டத்து ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டை. தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். வேலை பார்த்த இடத்திலேயே படுக்கை.

இப்படிப்பட்ட சாவில் நஷ்டஈடு கேட்டு வரும் குடும்பம் முதலில் காட்டவேண்டியது, செத்தவர் அங்கே வேலை பார்த்தார் என்பதை. கழுத்து அட்டை இருந்தால் பேரும் நம்பரும் கிடைக்கும். யாருக்காக, எத்தனை நாளாய், என்ன கூலிக்கு என்பதற்கு அந்தப் பாஸ்புக்தான் வேண்டியிருந்தது.