கோசி அம்மாவும் இரண்டு கரைகளும்

வேலைக்காகப் பாட்னா வந்து சேர்ந்த நம்மவர்கள் ஆகஸ்டு பிறந்தால் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "வருடா வருடம் வெள்ளம் வருகிறதே, இந்த ஜனங்கள் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்?" பதில் கொஞ்சம் பழைய கதை.

நேபாள இமயத்திலிருந்து இறங்கி, வடபீகார் வழியாகக் கங்கையில் சேர்கிறது கோசி. வண்டலைக் கொட்டிக் கொட்டித் தன் பாதையைத் தானே அடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடும். சுமார் 250 ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்திருக்கிறது! ஆனாலும் ஜனங்கள் அதை 'கோசி மையா', அதாவது கோசி அம்மா என்றுதான் அழைக்கிறார்கள். காரணம் உண்டு. அன்று வெள்ளம் பரந்து ஏறும், பரந்தே வடியும். வயலில் வண்டல் தங்கும். பிரித்துக் கட்டக்கூடிய மூங்கில் வீடு, படகு, சேர்த்து வைத்த அவல், தண்ணீரோடு உயர்ந்து வளரும் நெல் என்று வாழ்க்கையே அதற்கேற்ப அமைந்திருந்தது. மலேரியாவும் சாவும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் வெள்ளம் வந்து போகும் விருந்தாளியாக இருந்தது.

கரை கட்டலாமா என்ற விவாதம் வெள்ளைக்காரன் காலத்திலேயே நடந்தது. 1937ல் பாட்னாவில் கூடிய வெள்ள மாநாட்டில், தலைமைப் பொறியாளர் கேப்டன் ஹால் கரைகளை எதிர்த்தே பேசினார். 1954 பெருவெள்ளத்துக்குப் பிறகு அந்தக் குரல் எடுபடவில்லை. 1955 ஜனவரி 14, நம் பொங்கலன்று, கோசிக் கரை வேலை தொடங்கியது.

பிறகு? வண்டல் கரைகளுக்குள்ளேயே படிந்து ஆற்றின் படுகை உயர்ந்தது. வெளியே பெய்த மழைநீர் ஆற்றுக்குள் போக வழியின்றித் தேங்கியது. 300க்கும் மேற்பட்ட கிராமங்கள் இரண்டு கரைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. 1954ல் பீகாரில் வெள்ள அபாயப் பகுதி 25 லட்சம் ஹெக்டேர். கரைகள் பெருகப் பெருக, 1994ல் அது 68 லட்சத்தைத் தாண்டியது.

2008 ஆகஸ்டு 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்தது. 9.5 லட்சம் கன அடியைத் தாங்கக் கட்டிய கரை, 1.5 லட்சத்துக்கும் குறைவான நீரில் போய்விட்டது. பல பத்தாண்டுகளாக வெள்ளம் பார்க்காத ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. அங்கே படகும் இல்லை, பழக்கமும் இல்லை. 2024 செப்டம்பரிலும் கரைகள் உடைந்தன.

ஆகவே நண்பர்களே, ஜனங்கள் ஆற்றின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடவில்லை. ஆற்றோடு ஒத்துப்போகத் தெரிந்தவர்களை நாம்தான் கரை போட்டு ஆற்றுக்குள் அடைத்தோம். ஆடிப்பெருக்குக்குப் புதுவெள்ளத்தைக் கும்பிட்ட நமக்கு இது புரியாமல் போகுமா?