வராத இதழின் அட்டை

இதழ் வந்தால் ஒரு டிக். கணினிக்கு முந்தைய அமெரிக்க நூலகங்களில் பருவ இதழ்களின் வரவுக் கணக்கு அவ்வளவுதான். கார்டெக்ஸ் என்ற இரும்புப் பெட்டியில் தட்டுத் தட்டாக அட்டைகள். ஒவ்வோர் இதழுக்கும் ஓர் அட்டை, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம். வராத மாதத்தின் கட்டம் காலியாகக் கிடக்கும். பிரச்சினையே அதுதான். காலிக் கட்டம் யாரையும் கூப்பிடாது. யாராவது தட்டை இழுத்துப் பார்த்தால்தான் மார்ச் இதழ் வரவே இல்லைன்னு தெரியும். அதற்குள் பதிப்பகத்தில் பிரதி தீர்ந்திருக்கலாம்.

1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம் இதைத் தலைகீழாக்கியது. இளநிலை மாணவர்கள் அங்கே 1964ல்தான் வந்தார்கள். அதற்கு முன்பே இதழ்க் கணக்கு கணினிக்குப் போய்விட்டது. வரவேண்டிய இதழ்களுக்கெல்லாம் கணினி முன்கூட்டியே துளையட்டைகளை அடித்துக் கொடுத்துவிடும். இதழ் வந்ததும் ஊழியர் அதற்குரிய அட்டையை உருவிக் கணினி மையத்துக்கு அனுப்புவார். தட்டச்சு வேலை கிடையாது. கடைசியில் பெட்டியில் மிஞ்சிய அட்டைகள்தான் வராத இதழ்கள். எண்ணிவிடலாம்!

நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது பொறாமை தரும் எளிமை. நாங்கள் திரையில் 'பெண்டிங்' என்று காட்டுவதை அவர்கள் கையால் தொட்டிருக்கிறார்கள்.

ஆனால் எதிர்பார்த்தது மட்டுமே இந்தக் கணக்கில் இருக்கும். எப்போது வரும் என்று தெரியாத இதழுக்கு முன்கூட்டி அட்டை அடிக்க முடியாது.

நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகத்துக்காக 1999ல் எழுதப்பட்ட கோஹா மென்பொருள் இன்று தமிழ்நாட்டின் பல கல்லூரி நூலகங்களிலும் ஓடுகிறது. எதிர்பார்ப்பில், வந்தது, தாமதம், காணவில்லை என்று அதில் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு நிலை உண்டு. எல்லாம் அந்தத் துளையட்டையின் பேரப்பிள்ளைகள். இதில் நம்ம சிற்றிதழ் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். காலாண்டிதழ் என்று அட்டையில் போட்டிருக்கும். இரண்டு இதழ்களைச் சேர்த்து ஒன்றாக, வருஷக் கடைசியில் வரும். 'ஒழுங்கற்றது' என்று பதிந்தால் அடுத்த தேதியைக் கணிக்க வழியில்லை; தேதியே இல்லாமல் தாமதம் ஏது? இதழ் நின்றே போனாலும் அறிக்கை வாய் திறக்காது. காலாண்டு என்று பதிந்தாலோ, எப்போதும் தாமதப் பட்டியலில் நிற்கும். சந்தாவை வெட்டலாமா என்று யோசிக்கிறவர் கையில் போவதும் அந்தப் பட்டியல்தான். அதற்குள் என்ன அச்சானது என்பதற்கு அதில் பத்தி கிடையாது.

நினைவூட்டல் கடிதம் போகும் முகவரி பெரும்பாலும் ஆசிரியரின் வீடாகவே இருக்கும்.